29 பேர் செய்த பூட்டு: நவஹோ நாட்டுப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, காலப்

அல்புகர்க்கியிலிருந்து ஐ-40 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் வந்தால் காலப். வழி நெடுக செம்பாறை மேடுகள், பக்கத்திலேயே முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும் சரக்கு ரயில்கள். அக்காவும் அத்தானும் நியூ மெக்சிகோவுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது. இந்த அக்டோபரில்தான் அத்தானுக்கு லீவும் எனக்கு விசாவும் ஒன்றாகக் கூடி வந்தன. அக்காவுக்கு லீவு இல்லை. வண்டியில் நானும் அத்தானும் மட்டும்.

காலப்பை அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். பழைய ரூட் 66 சாலை, அதை ஒட்டி ரயில் நிலையம், எதிரே வரிசையாக அடகுக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் டர்க்காய்ஸ் பதித்த வெள்ளி வளையல்கள், குதிரைச் சேணங்கள், துப்பாக்கிகள். அமெரிக்கப் பூர்வகுடிகளான சுற்றுவட்டார நவஹோ குடும்பங்கள் சாமான் வாங்க வருவது இங்கேதான். கடைத்தெருவில் ஒரு சுவர் முழுக்கக் கோட் டாக்கர்களின் ஓவியம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரீன் படைக்காகத் தங்கள் தாய்மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய நவஹோ இளைஞர்களுக்கு அதுதான் பெயர். நான் இவ்வளவு தூரம் வந்ததே அவர்களுக்காகத்தான்.

ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே அத்தான் கேட்டார்: "இதுல அப்படி என்ன பெரிய விஷயம் மாப்ள? இவங்க பாஷை ஜப்பான்காரனுக்குத் தெரியாது. அவ்வளவுதானே? நாம தமிழ்ல பேசியிருந்தாலும் அவனுக்குப் புரிஞ்சிருக்காது."

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இணையத்தில் வரும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 'யாருக்கும் தெரியாத மொழி, அதனால் யாருக்கும் புரியவில்லை.' இது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையால், இந்த இளைஞர்களுக்குச் சேர வேண்டிய பேரில் பெரும்பங்கு காணாமல் போய்விடுகிறது. அவர்கள் வாயில் இருந்த மொழியை அப்படியே ரேடியோவில் பேசிவிட்டுப் போகவில்லை. அதற்குள்ளே இன்னொரு பூட்டைச் செய்து போட்டார்கள்.

இரவு சாப்பிடும்போது அத்தானுக்கு ஜோ கியூமியாவின் கதையைச் சொன்னேன். இவரும் நவஹோதான். ஆனால் கோட் டாக்கர் இல்லை, தரைப்படைக்காரர். பிலிப்பைன்ஸில் இருந்தவர். 1942 ஏப்ரலில் அங்கே பட்டான் தீபகற்பம் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கி, கைதிகளை நடத்தியே கொண்டுபோனதில் ஆயிரக்கணக்கானோர் செத்து விழுந்த மரண நடைப்பயணத்தில் தப்பிப் பிழைத்தார். முகத்தையும் பெயரையும் பார்த்து ஜப்பானிய வம்சாவளிக்காரர் என்று நினைத்து முதலில் அடித்தார்கள். நவஹோ என்று தெரிந்த பிறகு, ஒட்டுக்கேட்ட ரேடியோச் செய்திகளை அவர் முன் வைத்து அர்த்தம் சொல்லச் சொன்னார்கள். கேட்டால் அவருடைய சொந்த மொழி. சொற்கள் ஒவ்வொன்றும் புரிகின்றன. ஆனால் ஆடு, எறும்பு, மாமன், பூனை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வருகின்றன. தெரியாது என்று சொன்னால் நம்பவில்லை. உறைபனியில் ஆடையில்லாமல் நிற்க வைத்தார்கள். உள்ளங்கால் தரையோடு ஒட்டி உறைந்து, நகர்த்தும்போது தோல் உரிந்தது. அவரால் சொல்ல முடிந்திருந்தால்தானே சொல்வார்! கடைசியில் நாகசாகி சிறைமுகாமில் இருந்தபோது அணுகுண்டும் விழுந்தது. அதிலும் பிழைத்து ஊர் திரும்பினார். அந்த உளறலுக்குப் பின்னால் ஒரு சங்கேதம் இருந்தது என்பதே போர் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

நவஹோ மொழியை அம்மா மடியில் கற்றவருக்கே அந்தச் செய்தி புரியவில்லை. அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

படுக்கப் போகுமுன் ஒன்று. ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாம்களில் அடைத்ததல்லவா? காலப் ஊர் தன்னோடு வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களை அனுப்ப மறுத்துவிட்டது. அப்படித் தப்பிய குடும்பம் ஒன்றின் பிள்ளை ஹிரோஷி மியமுரா. பின்னாளில் கொரியப் போரில் அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம் வாங்கினார். இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. கோட் டாக்கர் ஓவியம் இருக்கும் ஊரில் இதுவும் இருப்பது எனக்கு நிறைவாக இருந்தது.

சனி, விண்டோ ராக்

காலையில் முதலில் கிழக்கே திரும்பி ஃபோர்ட் விங்கேட் போனோம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலப்பிலிருந்து கால்மணி நேர ஓட்டம், பழைய ராணுவக் குடியிருப்பின் மிச்சங்கள், காற்று. 1942 மே 4 அன்று 29 நவஹோ இளைஞர்கள் இங்கேதான் மரீன் படையில் சேர உறுதிமொழி எடுத்தார்கள். பலர் ஆடு மேய்த்துக்கொண்டும் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டும் இருந்த பிள்ளைகள். சிலர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள், சிலர் குறைத்துச் சொன்னார்கள். இங்கிருந்து நேரே கலிபோர்னியா, சான் டியேகோ.

யோசனையைக் கொடுத்தவர் ஃபிலிப் ஜான்ஸ்டன். பாதிரியாரின் மகன், நவஹோ குழந்தைகளோடு விளையாடி வளர்ந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸில் பொறியாளர். 1942 பிப்ரவரி 28 அன்று, சான் டியேகோ அருகே கேம்ப் எலியட்டில் மேஜர் ஜெனரல் கிளேட்டன் வோகல் முன்னிலையில் சில நவஹோக்களை வைத்து ஒரு சோதனை நடத்திக் காட்டினார். மூன்று வரி ஆங்கிலச் செய்தியை அன்றைய சங்கேத இயந்திரங்கள் பூட்டித் திறக்க அரைமணி நேரம் ஆகும். இவர்களுக்கு 20 வினாடி போதும். வோகல் 200 பேரைக் கேட்டார். மேலிடம் முதலில் 30 பேருக்குத்தான் சம்மதித்தது.

ஜான்ஸ்டனுக்கு உரிய நன்றியைச் சொல்லிவிடுவோம். ஆனால் சங்கேதத்தை உருவாக்கியவர் அவர் இல்லை. கேம்ப் எலியட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து சொல் சொல்லாக விவாதித்து அதைச் செய்தவர்கள் அந்த 29 பேர். குறியீட்டியல் என்ற பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள்.

விண்டோ ராக் நவஹோ நாட்டின் தலைநகரம். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து கிடக்கும் இந்த நாடு ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீட்டர். தனி அரசு, தனி நீதிமன்றம், தனிப் போலீஸ். நேரமும் தனி: அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை நகர்த்தாது, நவஹோ நாடு நகர்த்தும். நடுவில் இருக்கும் ஹோபி மக்களின் நிலம் மறுபடி நகர்த்தாது. என் போன் எல்லைக்கு எல்லை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் போய் வந்தது. இங்கே பயணம் வருகிறவர்கள் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது.

நடுவில் வட்டமாக ஓட்டை விழுந்த பெரிய செம்பாறைதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. பாறையின் காலடியில் போர்வீரர் நினைவுப் பூங்கா. அதில் ரேடியோவில் பேசும் கோட் டாக்கரின் வெண்கலச் சிலை, ஒரெலாண்ட் ஜோ என்ற சிற்பி வடித்தது. வீரர்களின் பெயர் தாங்கிய இரும்புத் தூண்கள் சாய்வாக நிற்கின்றன. ஓட்டை வழியாகத் தெரியும் வானம் அவ்வளவு நீலம்.

பூங்காவில் ஒரு பெரியவர் பேரக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார். அத்தான் போய் வணக்கம் சொல்ல, பேச்சு வளர்ந்தது. அவரும் ராணுவத்தில் இருந்தவர், வியட்நாம். தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயருக்கு முன் குலத்தைச் சொன்னார். அம்மா வழிக் குலம், அப்பா வழிக் குலம், அம்மாவின் அப்பா, அப்பாவின் அப்பா என்று நான்கு. யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரைக் கட்டக்கூடாது என்பதெல்லாம் அந்த நான்கில் அடங்கிவிடும். நம்மூர்க் கிராமத்தில் பெண் கேட்டுப் போனால் முதலில் விசாரிப்பது இதைத்தானே என்று அத்தான் சொல்ல, பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

குலப் பேச்சு அப்படியே சங்கேதத்துக்கு வந்தது. ராணுவப் பிரிவுகளுக்கு அந்த 29 பேர் வைத்த பெயர்கள் எல்லாம் குலப் பெயர்கள்தானாம். டிவிஷனுக்கு உப்புக் குலம், ரெஜிமென்ட்டுக்கு நீர்க்கரைக் குலம், பட்டாலியனுக்குச் செம்மண் குலம், பிளாட்டூனுக்குச் சேற்றுக் குலம். என்னிடம் கிழிந்த ஒரு சீட்டு வாங்கி, தொடையில் வைத்து, ஆங்கில எழுத்துகளை வரிசையாக எழுதி அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன்.

சங்கேதம் இரண்டு வகையில் வேலை செய்கிறது. அடிக்கடி வரும் போர்ச் சொற்களுக்கு நேரடி மாற்றுச் சொல். சண்டை விமானம் என்றால் ரீங்காரச் சிட்டு. குண்டுவீசும் விமானம் பிணந்தின்னிக் கழுகு. வேவு விமானம் ஆந்தை. நீர்மூழ்கி இரும்பு மீன். போர்க்கப்பல் திமிங்கிலம். டாங்கி ஆமை. குண்டு முட்டை, கையெறி குண்டு உருளைக்கிழங்கு. அமெரிக்காவுக்கு 'நம் அம்மா'. நாடுகளுக்கு ஆளைப் பார்த்துப் பெயர்: ஜெர்மனி இரும்புத் தொப்பி, பிரான்ஸ் தாடி. ஜப்பானுக்கும் கண்ணை வைத்து ஒரு பெயர், இன்று சொன்னால் காது கூசும். இந்தியாவுக்கும் ஒன்று உண்டு: அலிகாய், வெள்ளை உடை. "காந்தி படம் பார்த்திருப்பாங்க" என்றார் அத்தான். இருக்கலாம்.

பட்டியலில் இல்லாத சொல், ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் இரண்டாவது வகை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும், அந்த எழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை நினைத்துக்கொண்டு, அதன் நவஹோச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஏ வேண்டுமென்றால் எறும்பு, 'வொலாச்சி'. பி என்றால் கரடி, 'ஷுஷ்'. சி என்றால் பூனை, 'மோசி'. ஆனால் ஆங்கிலத்தில் ஈ, டி, ஏ போன்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணியே கெட்டிக்கார எதிரி உடைத்துவிடுவான். அதனால் அந்த எழுத்துகளுக்கு மும்மூன்று சொற்கள். ஏ-வுக்கு எறும்பு, ஆப்பிள், கோடரி. எதை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிச் சொல்லலாம். தொடக்கத்தில் 200 சொல்லுக்குச் சற்று மேல். போர் முடியும்போது 400-ஐத் தாண்டியிருந்தது. களத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் போகக்கூடாது. எல்லாம் மனப்பாடம்.

சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அவருடைய பேத்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து வொலாச்சியும் ஷுஷ்ஷும் சரியாகச் சொன்னாள். மற்றவற்றுக்குத் தாத்தா முகத்தைப் பார்த்தாள்.

மதியம் சந்தையில் ஆட்டுக்கறிக் குழம்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும். குழம்பில் காரம் துளியும் இல்லை, உப்பும் கறியும் சோளமும்தான். ஆனால் வெந்த பதம் அருமை.

ஞாயிறு, சின்லி

இன்று சங்கேதத்தைப் பற்றி அதிகம் இல்லை. ஆனால் இன்று பார்த்ததைப் பார்க்காமல் மற்றதைப் பேசக்கூடாது என்று எனக்குப் பட்டது.

கேன்யன் டி ஷே. செங்குத்தான செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே, மணல் ஆற்றுப் படுகையில் ஒரு பள்ளத்தாக்கு. உள்ளே போக நவஹோ வழிகாட்டி துணைக்கு வர வேண்டும். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஜீப்பை ஆற்று மணலில் ஓட்டும் லாவகத்தைப் பார்த்தால் இருபது என்று சொல்லலாம். காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. சுவரில் பழைய மனிதர்களின் கை அச்சுகள், மான்கள். கீழே இன்றும் சோளம் போடுகிற குடும்பங்கள். ஆட்களையும் வீடுகளையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்.

1864 ஜனவரியில் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தது. வயல்களைக் கொளுத்தி, ஆடுகளைக் கொன்று, அதே வருடக் கோடையில் ஆயிரக்கணக்கான பீச் மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பசியில் சரணடைந்தவர்களை 500 கிலோமீட்டருக்கு மேல் நடத்தியே நியூ மெக்சிகோவின் கிழக்கில் உள்ள போஸ்க் ரெடோண்டோவுக்குக் கொண்டுபோனார்கள். 8,000 பேருக்கு மேல் அங்கே அடைபட்டார்கள், 2,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1868 ஜூன் 1 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்ப விட்டார்கள். நேற்று நாங்கள் சாப்பிட்ட பொரித்த ரொட்டி அங்கே பிறந்ததுதானாம், ரேஷனில் கொடுத்த மாவும் கொழுப்பும் கொண்டு. அதைச் சொல்லும்போது அந்த அம்மா ஜீப்பை நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதன் வழியாக வந்தவை விடுதிப் பள்ளிகள். முடியை வெட்டி, பெயரை மாற்றி, நவஹோ பேசினால் வாயில் சோப்பு. இந்தச் சின்லியில் பிறந்தவர் கார்ல் கோர்மன். அந்த 29 பேரில் மூத்தவர். பள்ளியில் தன் மொழியைப் பேசியதற்காக இரும்புக் குழாயோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு வாரம். அப்போது அவர் குழந்தை. 35 வயதை நெருங்கியபோது, வயதைக் குறைத்துச் சொல்லிப் படையில் சேர்ந்தார். போருக்குப் பின் ஓவியரானார், டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுத்தார். மகன் ஆர்.சி. கோர்மன் அப்பாவைவிடப் புகழ்பெற்ற ஓவியர்.

எந்த அரசின் பள்ளி அவர் வாயைக் கட்டியதோ அதே அரசுக்குத்தான் பிறகு அந்த வாய் தேவைப்பட்டது. ஏன் போனார்கள் என்று அந்த அம்மாவிடம் நான் கேட்டேன். "இது எங்கள் மண். இதைக் காக்க எங்களுக்கு யார் அனுமதி வேண்டும்?" என்றார். அவர் தாயாரின் சித்தப்பா ஒருவர் பசிபிக் போரில் இருந்தாராம். கோட் டாக்கரா என்று கேட்டதற்கு, "அவர் சொல்லவே இல்லை. சொல்லக்கூடாது என்றுதானே உத்தரவு" என்றார்.

சங்கேதம் மறுபடி தேவைப்படலாம் என்று ராணுவம் அதை மூடி வைத்திருந்தது. 1968-ல்தான் ரகசியம் விலக்கப்பட்டது. அதுவரை 23 வருடம், ஏறத்தாழ 400 பேர், மனைவியிடமும் பிள்ளைகளிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். 'போரில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் 'ரேடியோ வேலை' என்று முடித்துக்கொண்டு ஆடு மேய்க்கப் போயிருக்கிறார்கள். மற்ற வீரர்களுக்குக் கிடைத்த கைத்தட்டல் இவர்களுக்கு வரவில்லை. எனக்கு இந்த மௌனம்தான் போரைவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

திங்கள், கயென்டா

சின்லியிலிருந்து வடக்கே. வழியில் காற்றும் புழுதியும்தான், பெட்ரோல் நிலையங்கள் வெகு தூரத்துக்கு ஒன்று. கயென்டாவில் எல்லோரும் மான்யுமென்ட் வேலிக்குப் போகிற வழியில் நிற்பார்கள். நாங்கள் நின்றது பர்கர் கிங் கடைக்காக. கேட்கச் சாதாரணமாக இருக்கும். கடையை நடத்துபவரின் தந்தை ஒரு கோட் டாக்கர். அவர் நினைவாகப் பசிபிக் போர்ப் பொருட்களையும் படங்களையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் உருளை வறுவலுக்கு அழ, இன்னொரு பக்கம் ஐவோ ஜீமா தீவின் போர்.

பசிபிக் தீவான குவாடல்கனாலில் 1942-ல் தொடங்கி தராவா, சைபான், பெலெலியு, ஒகினாவா வரை மரீன் படை இறங்கிய இடமெல்லாம் இவர்கள் இருந்தார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்றி மின்சாரம் எடுப்பார், மற்றவர் பேசுவார். ஒரே இடத்தில் நின்று பேசினால் எதிரி கண்டுபிடித்துக் குண்டு போடுவான், பேசி முடித்ததும் இடம் மாற வேண்டும். முகத்தைப் பார்த்து ஜப்பானியர் என்று நினைத்துச் சொந்தப் படையே பிடித்துக்கொண்ட சம்பவங்களும் உண்டு.

ஐவோ ஜீமாவில் 1945 பிப்ரவரி 19 அன்று தரையிறங்கினார்கள். முதல் 48 மணி நேரம் ஆறு நவஹோ ரேடியோக் குழுக்கள் இரவு பகல் பாராமல் வேலை செய்தன. 800-க்கும் மேற்பட்ட செய்திகள், ஒரு பிழை இல்லை. ஐந்தாவது மரீன் டிவிஷனின் சிக்னல் அதிகாரி மேஜர் ஹோவர்ட் கானர், நவஹோக்கள் இல்லாவிட்டால் மரீன்கள் ஐவோ ஜீமாவைப் பிடித்தே இருக்க முடியாது என்று பின்னால் சொன்னார்.

அந்தத் தீவின் சூரிபாச்சி மலை பிடிபட்ட செய்தியும் இந்தச் சங்கேதத்தில்தான் போனது. கடையின் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, நேற்று முன்தினம் பெரியவர் கொடுத்த சீட்டை எடுத்து வைத்தேன். சூரிபாச்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக அத்தான் சொல்லச் சொல்ல, நான் பட்டியலில் தேடினேன். ஆடு, மாமன், கிடா, பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு. ஒன்பது சொல். அதில் 'ஐ' இரண்டு முறை வருகிறது. முதல் முறை பனிக்கட்டி, இரண்டாம் முறை அரிப்பு. கவனித்தீர்களா? ஒரே எழுத்து, வேறு வேறு சொல். முந்தாநாள் கேட்ட அந்த மும்மூன்று சொல் விஷயம் இதுதான்.

எங்களுக்கு அந்த ஒன்பதைத் தேட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது, காபி குடித்துக்கொண்டு, தலைக்கு மேல் குண்டு விழாமல். அவர்கள் எரிமலைச் சாம்பலில் குழி தோண்டிப் படுத்துக்கொண்டு நொடியில் சொன்னார்கள். மறுமுனையில் இருந்தவர் நொடியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அத்தான் சீட்டைத் திரும்ப என்னிடம் நீட்டி, "நான் அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் மாப்ள" என்றார்.

மான்யுமென்ட் வேலியும் போனோம். அழகுதான். ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை.

செவ்வாய், சாலையில்

கயென்டாவிலிருந்து ஷிப்ராக், ஃபார்மிங்டன் வழியாக சான்டா ஃபே. நாள் முழுக்க ஓட்டம். வண்டியில் கேடிஎன்என், ஏஎம் 660 வானொலி வைத்துக்கொண்டு வந்தோம். விண்டோ ராக்கிலிருந்து நவஹோ மொழியில் ஒலிபரப்புகிறார்கள். நாட்டுப்புறப் பாட்டு, நடுவே ஆட்டுத் தீவன விளம்பரம், அப்புறம் வானிலை. ஒரு சொல்லும் புரியாமல் இவ்வளவு நேரம் ரேடியோ கேட்டது இதுவே முதல் தடவை. மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும் ஓசைகள், மூக்கால் வரும் உயிரெழுத்துகள், ஏறி இறங்கும் தொனி. தொனி மாறினால் பொருள் மாறிவிடும் என்கிறார்கள்.

ஷிப்ராக் பாறையைத் தூரத்தில் பார்த்தோம். வழியில் தண்ணீர் டேங்க் ஏற்றிய பிக்கப் வண்டிகள் நிறைய. நவஹோ நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கைவிடப்பட்ட யுரேனியம் சுரங்கங்கள் மட்டும் 500-க்கு மேல். உலகின் பணக்கார நாட்டுக்குள், அந்த நாட்டுக்காகப் போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தண்ணீரைச் சுமந்துகொண்டிருப்பது எனக்குக் கோபத்தைத் தந்தது. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

புதன், சான்டா ஃபே

தேசிய ராணுவக் கல்லறையில் செஸ்டர் நெஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். முதல் 29 பேரில் கடைசியாக உயிரோடு இருந்தவர். 2014 ஜூன் 4 அன்று அல்புகர்க்கியில் இறந்தார், 93 வயது. வெள்ளைக் கற்கள் குன்று முழுக்க வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஜெனரல் என்றும் சிப்பாய் என்றும் வித்தியாசம் இல்லை.

அவர் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். செஸ்டர் என்பதே விடுதிப் பள்ளி வைத்த பெயர், செஸ்டர் ஆர்தர் என்ற ஜனாதிபதியின் பெயர். சோப்பு அவர் வாய்க்கும் வந்தது. குவாடல்கனாலில் முதலில் செய்தி அனுப்பியவர்களில் ஒருவர்: வலப்பக்கம் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி மறைவிடம், அழித்துவிடுங்கள் என்பது அந்தச் செய்தி. போர் முடிந்து சீருடையோடு நியூ மெக்சிகோவில் அடையாள அட்டை வாங்கப் போனபோது, நீ முழுக் குடிமகன் இல்லை என்று ஓர் அதிகாரி முகத்துக்கு நேரே சொன்னார். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பூர்வகுடிகளுக்கு ஓட்டுரிமை 1948-ல்தான் வந்தது, அதுவும் நீதிமன்றத்துக்குப் போய்.

ஊருக்குத் திரும்பிய பின் செத்த ஜப்பானியர்கள் கனவிலும் நனவிலும் வந்தார்கள். போரில் சாவைத் தொட்டு வந்தவர்களுக்காக நவஹோக்கள் செய்யும் 'எதிரி வழி' என்ற சடங்கைக் குடும்பம் நடத்தியது. பல நாள் நீளும் சடங்கு, பாட்டும் மருத்துவரும் உறவினர் கூட்டமுமாக. அதன் பிறகே தூக்கம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கே, எதற்காக அந்தப் பிணங்களைப் பார்த்தார் என்பதை மட்டும் அப்போது யாரிடமும் சொல்ல முடியாது.

2001 ஜூலை 26 அன்று வாஷிங்டனில் முதல் 29 பேருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் ஐவர், நேரில் வந்தவர்கள் நால்வர். நெஸ் அதில் ஒருவர். மற்றவர்களுக்கு அவர்கள் குடும்பத்தார் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த கோட் டாக்கர்களுக்கு அதே வருடம் நவம்பரில் விண்டோ ராக்கில் வெள்ளிப் பதக்கம். நவஹோ மொழியைக் கொண்டு எதிரியை வென்றார்கள் என்று பதக்கத்தின் பின்புறம் நவஹோ மொழியிலேயே பொறித்திருக்கிறது. நல்லது. ஆனால் 56 வருடம் கழித்து வந்த பதக்கத்தை வாங்க 24 பேர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர் முடிந்ததும் நெஸ் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். முன்னாள் வீரர்களுக்கான உதவிப் பணம் தீர்ந்தது, படிப்பும் பாதியில் நின்றது. அல்புகர்க்கியில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் 25 வருடம் பெயின்டராக வேலை பார்த்தார். 2012 நவம்பரில் கேன்சஸ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டத்தைக் கொடுத்தது. அப்போது அவருக்கு 91 வயது, நீரிழிவில் இரண்டு கால்களும் போயிருந்தன. சக்கர நாற்காலியில் போய் வாங்கிக்கொண்டார்.